சண்டிகரில் ஒரு நாள்: அப்பா அம்மாவோடு என்ன பார்க்கலாம்?

தாமிரபரணிக்காரி:
அக்டோபரில் அப்பா அம்மாவோடு சிம்லா போகிறோம். கால்காவில் பொம்மை ரயில் ஏறுவதற்கு முன்னால் சண்டிகரில் ஒரு நாள் கிடைக்கிறது, அதுவும் திங்கட்கிழமை. அப்பா ஓய்வு பெற்ற சிவில் இன்ஜினியர். முட்டிவலி உண்டு. பார்க்கும்படி என்ன இருக்கிறது?

ஊர்சுற்றி:
ராக் கார்டன், சுக்னா ஏரி. அரை நாள் போதும். மிச்ச நேரம் தூங்குங்கள்.

செக்டார்22:
அரை நாள் என்று சொன்னவருக்கு என் கண்டனம். ஆறு வருஷம் அங்கே குடியிருந்தவன் நான்.

உங்கள் அப்பாவுக்கு முதலில் கேபிடல் காம்ப்ளெக்ஸ். கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே வரைந்த தலைமைச் செயலகம், சட்டசபை, உயர் நீதிமன்றம் மூன்றும் அங்கேதான். 2016-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. சுவர்களுக்குப் பூச்சு கிடையாது. கிட்டப்போய்ப் பார்த்தால் சென்ட்ரிங் பலகையின் மரவரி அப்படியே கான்கிரீட்டில் பதிந்திருக்கும். இன்ஜினியரை அங்கிருந்து கிளப்புவது கஷ்டம். வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள். அன்றைக்கு உண்டா என்று சுற்றுலா அலுவலகத்தில் முன்னாலேயே கேளுங்கள். ஒரிஜினல் அடையாள அட்டை கட்டாயம் கையில் இருக்கட்டும். நான் முதல்முறை ஜெராக்ஸை நீட்டி, அசடு வழியத் திரும்பி வந்தேன்.

ராக் கார்டன் பக்கத்திலேயே இருக்கிறது. நேக் சந்த் என்ற சாலை ஆய்வாளர் 1957-லிருந்து அரசாங்கத்துக்கே தெரியாமல் உடைசல்களை வைத்துக் கட்டிய உலகம் அது. 1976-ல்தான் மக்களுக்குத் திறந்தார்கள். உடைந்த வளையல் துண்டுகளையே உடம்பாகக் கொண்ட பெண் பொம்மைகள் வரிசையாக நிற்கும், அவற்றை விட்டுவிடாதீர்கள். ஆனால் உள்ளே ஏற்ற இறக்கமும் படிகளும் அதிகம், வாசல்கள் குனிந்து போகிற உயரம். முட்டிக்கு ஆகாது, பாதியில் திரும்பினாலும் தப்பில்லை.

சாயங்காலம் சுக்னா. 1958-ல் ஓடையை மறித்து உண்டாக்கிய ஏரி. கரைமேல் வண்டி வராது, சமதளம், நடக்கச் சுகம்.

ஊரையே எண் போட்ட பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள், அவைதான் செக்டார்கள். செக்டார் 10 மியூசியம் திங்கள் விடுமுறை, அதை மறந்துவிடுங்கள். அப்புறம், ஆட்டோக்காரரிடம் செக்டார் எண்ணைச் சொல்லுங்கள், ரவுண்டானாவை அடையாளம் சொல்லாதீர்கள். எல்லா ரவுண்டானாவும் ஒரே மாதிரிதான். முதல் மாதம் என் வீட்டையே நான் மூன்று முறை தாண்டிப் போனேன்.

தாமிரபரணிக்காரி:
நன்றி அண்ணா! சென்ட்ரிங் பலகை என்று வாசித்ததும் அப்பா ஆதாரை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டார். அம்மாதான், "கான்கிரீட் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்கிறார்.

செக்டார்22:
செக்டார் 31-ல் நம்ம முருகன் கோயில் இருக்கிறது. அம்மாவிடம் அதை முதலில் சொல்லுங்கள்.