பெயரே இல்லாத ஆல்டோ சாக்ஸ் மவுத்பீஸ்: என்னவென்று கண்டுபிடிக்க வழி உண்டா?

ஊதுகுழல்:
வணக்கம். பேண்ட் செட்டில் வாசித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பழைய ஆல்டோ சாக்ஸஃபோன் ஒன்று வாங்கினேன். பெட்டிக்குள் துணியில் சுற்றி ஒரு மவுத்பீஸ் (வாயில் வைத்து ஊதும் முனை) கிடந்தது, அதற்கு அவர் தனியாகக் காசு கேட்கவில்லை. கம்பெனி பெயர் இல்லை, நம்பர் இல்லை, ஒரு கோடுகூட இல்லை. நிறம் கறுப்பு என்று சொல்ல முடியாது, பச்சை கலந்த பழுப்பு. உள்ளே பார்த்தால் வட்டமாக, நல்ல அகலமாக இருக்கிறது. என் யமஹா 4சி மவுத்பீஸில் அந்த இடம் இவ்வளவு பெரிதில்லை.

நடு ஸ்தாயியில் சத்தம் அருமை, 4சி-யில் எனக்கு வராத கனம். ஆனால் சுருதி கீழேயே நிற்கிறது, கீழ் பி, பி ஃபிளாட் ஸ்வரங்களைப் பிடித்தால் குடுகுடுவென்று உதறுகிறது, அவ்வப்போது கீச்சென்று வேறு கத்துகிறது. 4சி மாட்டினால் இதில் ஒன்றும் இல்லை. இது எந்தக் கம்பெனி? வைத்துக்கொள்ளலாமா, தூக்கிப் போடலாமா?

பழைய பித்தளை:
தூக்கிப் போடாதீர்கள். அந்த நிறத்தைப் பார்த்தால் எபோனைட், அதாவது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். வெளிச்சம் பட்டுப் பட்டு இப்படிப் பச்சையும் பழுப்புமாக மாறும். துணியால் சூடேறும்வரை தேய்த்து முகர்ந்து பாருங்கள், கந்தக வாடை வந்தால் சந்தேகமே வேண்டாம். வெந்நீரில் மட்டும் கழுவிவிடாதீர்கள், நிறம் இன்னும் கெடும், வாடையும் சேர்ந்துகொள்ளும்.

பெயர் இருந்து அழிந்திருக்கவும் கூடும். எழுத்தில் பூசிய நிறம் போனாலும் பள்ளம் கொஞ்சம் மிஞ்சும். சாக்பீஸ் தூளைத் தடவித் துடைத்துவிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், முக்கியமாக ஷாங்க் (சாக்ஸில் மாட்டும் முனை) பக்கமும் டேபிள் (ரீட் என்ற நாணல் பட்டை படியும் தட்டையான இடம்) ஓரத்திலும். அங்கேயும் ஒன்றும் தெரியவில்லை என்றால் பெயர் ஆசையை விட்டுவிடலாம். அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்து எல்கார்ட்டில் இருக்கும் ஜே. ஜே. பாபிட் கம்பெனி எத்தனையோ பிராண்டுகளுக்கு மவுத்பீஸ் செய்து கொடுத்திருக்கிறது, இன்றைய மேயரும் ஓட்டோ லிங்க்கும் அங்கிருந்துதான் வருகின்றன. ஜெர்மனியில் ட்சின்னர் கம்பெனியும் இப்படி வெறும் பிளாங்க் (பெயர் குத்தாத, தீட்டி முடிக்காத மவுத்பீஸ்) விற்றவர்கள்தான். வாங்கியவர் தன் பெயரைக் குத்திக்கொள்வார், சிலது பெயர் குத்தாமலே வாத்தியப் பெட்டிக்குள் போய்விடும். ஒரே பிளாங்க்கில் நல்லதும் வரும், மோசமானதும் வரும், எல்லாம் முகப்பை, அதாவது ரீடுக்கு எதிரே இருக்கும் பக்கத்தை, தீட்டிய கையைப் பொறுத்தது.

வட்டமான பெரிய சேம்பர் (மவுத்பீஸின் உள்குழிவு) பழைய பாணி. ஆனால் அதை இன்றும் செய்கிறார்கள், அதனால் அதை மட்டும் வைத்து வயது சொல்ல முடியாது.

ரீட் நம்பர் 2:
சுருதியும் உதறலும் பெரும்பாலும் ஒரே காரணம்தான். 4சி-யை நெக்கில் (சாக்ஸின் வளைந்த மேல் குழாய்) சுற்றிய கார்க்கில் எந்த இடம்வரை தள்ளுகிறீர்களோ அங்கேயேதான் இதையும் நிறுத்துகிறீர்கள், சரியா? சாக்ஸ் ஒரு கூம்பு. நெக் முனையில் அந்தக் கூம்பின் நுனி வெட்டப்பட்டிருக்கிறது, அதன் கொள்ளளவைத்தான் மவுத்பீஸ் ஈடுகட்டுகிறது. சேம்பர் பெரிதென்றால் இன்னும் உள்ளே போக வேண்டும். கார்க் கிரீஸ் தடவிச் சுழற்றிச் சுழற்றித் தள்ளுங்கள், முரட்டுத்தனமாகத் திணித்தால் ஷாங்க் விரிசல் விடும்.

அதற்கு முன்னால் இது ஆல்டோவுடையதுதானா என்று பாருங்கள். ஆல்டோ ரீடை வைத்தால் இரண்டு ரெயிலையும் (திறப்பின் பக்க விளிம்புகள்) ஓரம்வரை மூட வேண்டும். ரெயில் வெளியே தெரிந்தால் ஆல்டோவைவிடப் பெரிய டெனர் சாக்ஸுடையதாக இருக்கலாம், இரண்டுக்கும் நடு அளவான சி மெலடியுடையதாகவும் இருக்கலாம். சி மெலடி சாக்ஸ் 1920-களில் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு விற்றது, அப்புறம் போன இடம் தெரியவில்லை, அநாதையான அதன் மவுத்பீஸ்கள் இன்னும் கிடைக்கின்றன.

கீச்சுக்கு ரெயிலைச் சந்தேகப்படுங்கள். டூவீலர் மெக்கானிக் டாப்பெட் அடிக்க வைத்திருக்கும் ஃபீலர் கேஜ் போதும். சின்னக் கண்ணாடித் துண்டை டேபிள்மேல் படுக்கவைத்து அமுக்குங்கள், முதலில் அது ஆடக்கூடாது. 0.04 மி.மீ. தகட்டை நுனிப் பக்கமிருந்து மெதுவாக நுழைத்தால் எங்கோ நிற்கும், நேராக நின்றால் ரெயில் சமம், கோணலாக நின்றால் ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்திருக்கிறது. நுனிக்கும் கண்ணாடிக்கும் நடுவே எத்தனை தகடு கொள்கிறதோ அதுதான் டிப் ஓப்பனிங். ஆல்டோ 4சி சுமார் 1.6 மி.மீ., மேயர் 6 கிட்டத்தட்ட 1.93. நுனியில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது போனால் எல்லாம் போச்சு.

மேல் சட்ஜம்:
இரண்டு பேரும் ஆசை காட்டுகிறீர்கள். பெயரில்லாததில் பாதிக்குமேல் புது ஸ்டூடன்ட் சாக்ஸோடு இலவசமாக வரும் பிளாஸ்டிக், பக்கவாட்டில் அச்சில் வார்த்த கோடு தெரியும், டிப் ரெயில் (நுனி விளிம்பு) தடித்துக் கிடக்கும். அதையெல்லாம் புதையல் என்று சொல்லி விற்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இவருடையது எபோனைட், சத்தமும் பிடித்திருக்கிறது, அதனால் சோதிப்பதில் தப்பில்லை.

ஊதுகுழல்:
சாக்பீஸில் ஒன்றும் வரவில்லை. கந்தக வாடை மட்டும் நன்றாக வந்தது. ஆல்டோ ரீட் ஓரம்வரை மூடுகிறது. கிட்டத்தட்ட ஒரு விரல் அகலம் கூடுதலாகத் தள்ளினேன், சுருதி வந்துவிட்டது, பி ஃபிளாட்டும் உதறாமல் நிற்கிறது! டிப் 1.9 இருக்கிறது. ஆனால் தகடு வலது பக்கம் கொஞ்சம் ஆழமாகப் போகிறது, கீச்சும் இருக்கிறது. உப்புத்தாளில் நானே தேய்க்கலாமா?

ரீட் நம்பர் 2:
வேண்டவே வேண்டாம். தேய்த்ததைத் திருப்பி ஒட்ட முடியாது. 4சி-யில் இரண்டரை ரீட் போடுகிறீர்கள் என்றால் இதில் அதைவிட மென்மையான 2 போட்டுப் பாருங்கள், ஏனென்றால் ஓப்பனிங் அகலம். ரீடை மயிரிழை இடது, வலது என்று நகர்த்தியும் வாசியுங்கள், சின்னக் கோணல் பல நேரம் அதிலேயே அடங்கிவிடும். அடங்காவிட்டால் ரிஃபேஸ் செய்ய, அதாவது முகப்பைத் திருத்தித் தீட்ட, தெரிந்தவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது ரெயிலை மட்டும் சமன் செய்யச் சொல்லுங்கள், சேம்பரில் கை வைக்க விடாதீர்கள்.