கொள்ளிட மணலில் ரோவர் மாதிரி புதைகிறது: சக்கரப் பட்டை பற்றி ஆலோசனை தேவை

வணக்கம். திருவையாறு பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்காகச் செய்யும் ஆறு சக்கர ராக்கர்-போகி (மேடுபள்ளத்திலும் எல்லாச் சக்கரமும் தரையைத் தொடும்படி கைகளால் இணைத்த அமைப்பு) ரோவர் மாதிரி இது. எடை 3 கிலோ, சக்கர விட்டம் 10 செ.மீ., அகலம் 4 செ.மீ. காய்ந்த மணலில் சமதளத்தில் நன்றாக ஓடுகிறது. 15 பாகை சரிவில் சக்கரம் வழுக்கிச் சுழன்று அச்சுவரை புதைகிறது. செவ்வாயில் 2009-ல் நாசாவின் ஸ்பிரிட் ரோவர் சிக்கியதும் இளமணலில்தான்.

மோட்டார் திணறும்போது அதற்கு மின்சாரம் தரும் எல்298என் டிரைவர் பலகையும் சூடேறி நின்றுவிடுகிறது. ஒரு சேனலுக்கு (வெளியீட்டுக்கு) 2 ஆம்பியர்தான், அதில் மூன்று மோட்டார். அதை மாற்றிக்கொள்ளலாம். பட்டைதான் (மணலைப் பற்றச் சக்கரத்தின் மேல் இருக்கும் மேடான வரிகள்) கவலை: நாசாவின் செவ்வாய் ரோவர்களில், கியூரியாசிட்டி சக்கரத்தில் 24, பெர்சிவரன்ஸில் 48. எங்களுடையதில் 12, உயரம் 3 மி.மீ. எண்ணிக்கையைக் கூட்டுவதா, உயரத்தை 6 மி.மீ. ஆக்குவதா, சக்கரத்தையே அகலமாக்குவதா? ஆற்று மணலில் ஓட்டிப் பார்த்தவர்கள் அளவுகளோடு சொல்லுங்கள்.