‘கல்தோன்றி மண்தோன்றா’ வரியைத் தமிழின் வயதுக்குச் சாட்சியாக இழுக்கலாமா?

வைகைக்கரையான்

போன ஞாயிறு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். மண்டப வாசலில் இருபதடி ஃபிளெக்ஸ். மாப்பிள்ளை தலைக்கு மேலே ‘கல்தோன்றி மண்தோன்றாக் காலத்தே முன்தோன்றிய மூத்த மொழி’. மூலத்தில் இருந்த வாளைக் காணோம். குடி மொழியாகிவிட்டது. பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சொன்னேன், முறைத்தார். அதனால் இங்கே வந்து சொல்கிறேன். வெண்பா இதுதான்:

பொய்யகல நாளும் புகழ்விளைத்தல் என்வியப்பாம்
வையகம் போர்த்த வயங்கொலிநீர் - கையகலக்
கற்றோன்றி மண்தோன்றாக் காலத்தே வாளோடு
முற்றோன்றி மூத்த குடி

ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை, கரந்தைப் படலம். கரந்தை என்றால் எதிரி ஓட்டிப்போன மாடுகளை மீட்கும் போர். உலகைப் போர்த்திக் கிடந்த வெள்ளம் வடிந்து மலை தெரிகிறது, மண் இன்னும் தெரியவில்லை. அப்போதே வாளோடு நின்ற குடி இது என்று ஒரு மறக்குடியை ஏற்றிப் பாடுகிறார். தமிழ் என்ற சொல்லே இதில் இல்லை. சங்கப் பாட்டும் இல்லை, பல நூற்றாண்டு பிந்தியது. இதை வைத்துத் தமிழுக்கு வயது சொல்வது, பாட்டியைத் தாலாட்டில் ‘நிலாவே’ என்று அழைத்ததால் அவர் வானத்தில் பிறந்தவர் என்பது மாதிரி.

செம்பியன்

நண்பரே, அந்தத் துறையின் பெயரைச் சொல்லாமல் நைசாக விட்டுவிட்டீர்கள். குடிநிலை. அந்தத் துறை எதைப் பாட வேண்டும் என்று சொல்லும் கொளுவில் ‘தொன்மையும் மறனும்’ என்றே வருகிறது. வீரம் மட்டுமில்லை, பழமையும் பாடுபொருள்தான். நம் முன்னோருக்குத் தங்கள் குடி பழையது என்ற நினைப்பு இருந்ததற்கு அது சாட்சி இல்லையா?

அது போகட்டும், பாட்டு வேண்டாம், மண்ணைத் தோண்டியதைப் பேசுவோம். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரிமம் கி.மு. 580. சிவகளைத் தாழியில் கிடந்த நெல் கி.மு. 1155. அதே சிவகளையில் இரும்பு கி.மு. 3345 என்று 2025 ஜனவரியில் தமிழக அரசே அறிக்கை வெளியிட்டது. இதற்கு என்ன சொல்வீர்கள்?

வைகைக்கரையான்

கொளு விஷயம் சரி. விட்டது என் தப்பு. ஆனால் தன் குடி பழையது என்று நினைக்காத குடி எது?

சிவகளை நெல் பேசாது ஐயா. இரும்பும் பேசாது. அதை உருக்கியவர் வீட்டில் என்ன மொழி பேசினார் என்று உலைக்களத்துக் கசடு சொல்லாது. நாகரிகத்தின் வயது வேறு, மொழியின் வயது வேறு. மொழிக்கு எழுத்து வேண்டும். பழனி பக்கம் பொருந்தலில் ‘வயிர’ என்று எழுதிய புரிமனை, பானையை நிறுத்தும் வளையம், கிடைத்ததே, அதே ஈமக்குழியில் இருந்த நெல்லுக்கு கி.மு. 490 என்று வந்தது. அது பேசும். அதிலும் ஒன்றிரண்டு காலக்கணிப்பை நம்பி இவ்வளவு பின்னே போகலாமா என்று தொல்லியல்காரர்களுக்குள்ளேயே வழக்கு உண்டு. வாழ்நாளையே தமிழ் பிராமி என்ற பழந்தமிழ் எழுத்துக்குக் கொடுத்த ஐராவதம் மகாதேவன் மாங்குளம் குகைக் கல்வெட்டுக்கு கி.மு. 2ஆம் நூற்றாண்டுதான் கொடுத்தார். அவரைத் தமிழ் விரோதி என்பீர்களா?

செம்பியன்

அவரை யார் சொன்னது? டெல்லியில் இருக்கும் மத்தியத் தொல்லியல் துறையைச் சொல்கிறேன். கீழடியைத் தோண்டிய தொல்லியல் அதிகாரி அமர்நாத் ராமகிருஷ்ணன் 982 பக்கத்தில் கீழடி அறிக்கை எழுதி 2023 ஜனவரியில் கொடுத்தார். இரண்டு வருஷம் தாண்டி, 2025 மே மாதம், திருத்தி எழுதிக் கொடு என்று திருப்பி அனுப்பினார்கள். கி.மு. 8ஆம் நூற்றாண்டு என்று அவர் போட்டதுதான் உறுத்தல். சந்தேகம் இருந்தால் அச்சில் போட்டுவிட்டுச் சந்தேகப்படுங்கள். பூட்டி வைத்துக்கொண்டு என்ன ஆராய்ச்சி?

வைகைக்கரையான்

இதில் உங்களோடு ஒரே கட்சி. அறிக்கை வெளியே வரட்டும், அதன்பிறகு அடித்துக்கொள்வோம்.

சுருதி

இரண்டு பேரும் வீட்டுக்குள்ளேயே சண்டை போட்டால் எப்படி? மூத்த மொழி என்றால் எதைவிட மூத்தது? இருக்குவேதத்தின் பழைய பகுதிகளை கி.மு. 1500க்கும் 1200க்கும் இடையில் வைக்கிறார்கள். வாய்மொழிதானே என்று தள்ள முடியாது. கி.மு. 14ஆம் நூற்றாண்டில் சிரியா பக்கம் மித்தானி அரசன் போட்ட உடன்படிக்கையில், களிமண் பலகையில், மித்திரன், வருணன், இந்திரன் பெயர்கள் இருக்கின்றன. தமிழில் அந்தக் காலத்து ஓட்டுத்துண்டு ஒன்று காட்டுங்கள்.

செம்பியன்

தெய்வப் பெயர் நாலு இருந்தால் அது சமஸ்கிருத இலக்கியமா? கல்லைக் காட்டுங்கள் என்று நான் திருப்பிக் கேட்கிறேன். சமஸ்கிருதத்தில் கிடைத்த பழைய கல்வெட்டுகளே கி.மு. 1ஆம் நூற்றாண்டைத் தாண்டிப் போகவில்லை. நீளமாக எழுதியது என்றால் ருத்திரதாமன் ஜூனாகட்டில் வெட்டியது, கி.பி. 150 வாக்கில். அதற்குள் நெடுஞ்செழியன் பெயரை மதுரைப் பக்கத்துக் குகையில் தமிழில் வெட்டியாகிவிட்டது.

சுருதி

அந்தக் கணக்கில் சங்கப் பாட்டும் போகும், பரவாயில்லையா? அதன் ஏடுகள் எவையும் இரண்டாயிரம் வருஷத்து ஏடு இல்லை.

வைகைக்கரையான்

ஆளுக்கொரு படியில் நெல் அளக்கிறீர்கள். எழுத்து என்றால் இரண்டு பக்கமும் எழுத்து, வாய்மொழி என்றால் இரண்டு பக்கமும் வாய்மொழி. எழுத்துப் படியை எடுத்தால் சுமேரியன் வந்து இரண்டு பேரையும் ஓரம் கட்டிவிடுவான். ஐயாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே எழுதிவிட்டான். வாய்மொழிப் படியை எடுத்தால் இருக்குவேதம் முந்துகிறது, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

செம்பியன்

இருக்குவேதத்திலேயே தமிழ்ச் சொல் இருக்கிறது என்று பரோ, எமனோ போன்ற வெள்ளைக்கார அறிஞர்களே காட்டியிருக்கிறார்கள். நெல் அடிக்கும் நம் களம்தான் அங்கே ‘கல’. அப்படியானால் யார் முந்தி?

அல்சூர் ஏரி

செம்பியன் அண்ணா, அவர்கள் சொன்னது திராவிடச் சொல். நீங்கள் தமிழ்ச் சொல் என்று மாற்றிவிட்டீர்கள். பெங்களூரில் முப்பது வருஷமாக இருக்கிறேன், இந்த ஒரு சொல் மாற்றத்தால் ஆபீஸ் கேண்டீனில் நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்பார்கள் நம் ஆட்கள். காதுக்குக் கன்னடத்தில் ‘கிவி’, தமிழில் செவி. சிவப்புக்கு அங்கே ‘கெம்பு’, இங்கே செம்மை. ககரம் சகரமாக மாறும், அதற்குப் பின்னால் இகர எகரம் வந்தால். எத்தனையோ மொழிகளில் நடந்திருக்கிறது. சகரம் இப்படித் திரும்பிக் ககரமாவது லேசில் நடக்காது. அப்படியென்றால் பழைய ஒலியை வைத்திருப்பது கன்னடம், மாறியது நாம். மகள் அம்மாவைவிடப் பழைய நகை போட்டிருக்கிறாள் என்றால் அது பாட்டி நகை. அந்தப் பாட்டிக்குத்தான் மூலத் திராவிடம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கன்னடக்காரர் ரொம்பத் துள்ளினால் அதற்கும் மருந்து உண்டு. பால் அங்கே ‘ஹாலு’, பல் அங்கே ‘ஹல்லு’. பகரத்தைத் தொலைத்தது அவர்கள். ழகரம் அவர்களிடமும் இருந்தது, அதையும் தொலைத்தார்கள். கேண்டீனில் இதைச் சொன்ன பிறகுதான் எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தார்கள்.

செம்பியன்

கிவி, செவி... இதை நான் யோசித்ததே இல்லை. ஆனால் அந்தப் பாட்டி வீட்டுப் பாத்திரம் பண்டம் பெரும்பாலும் நம்மிடம்தானே இருக்கிறது?

அல்சூர் ஏரி

நிறைய இருக்கிறது. யார் இல்லை என்றது? பாட்டியே நாம்தான் என்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

பனங்காய்

யாழ்ப்பாணத்திலயிருந்து ஒரு சொல்லு. நீங்கள் எல்லாரும் மதுரையைச் சுத்தியே கதைக்கிறியள். எங்கட ஆனைக்கோட்டையில முத்திரை, தெற்கே திசமகாராமையில தமிழ் எழுத்துள்ள ஓடு. எகிப்தில செங்கடல் ஓரம் பழைய குசேர் துறைமுகத்தில ‘பானை ஒறி’, அதாவது பானை உறி, எண்டு எழுதின சாடி. தாய்லாந்தில ‘பெரும்பதன் கல்’ எண்டு ஒரு பொன் உரைக்கிற கல்லு, யாரோ ஒரு தட்டான் தன்ர பேரை வெட்டி வைச்சிருக்கிறார். எனக்கு ராசாக்களின்ர கல்வெட்டைவிட இதுதான் பெரிசு. தூர தேசத்துக்குப் போன ஒரு சாதாரண ஆள், தன்ர கல்லு களவு போகக் கூடாதெண்டு தமிழில எழுதியிருக்கிறார். வயசு எத்தினை எண்டு கேக்கிறதைவிட, ஆர் எழுதினது எண்டு கேளுங்கோவன்.

கரும்பலகை

அருமை. நான் பதினொன்றாம் வகுப்புத் தமிழாசிரியை. குறுந்தொகை நாற்பதாம் பாட்டை வகுப்பில் உரை இல்லாமல் அப்படியே பலகையில் எழுதிவிட்டு, புரிந்த சொல்லுக்குக் கீழே கோடு போடச் சொல்வேன். ‘அன்புடை நெஞ்சம்’ எல்லாருக்கும் புரிந்துவிடும். ‘கலந்தனவே’ புரியும். ‘செம்புலப் பெயல்நீர்’ பாதிப் பேருக்கு. கிராமத்துப் பிள்ளைகள் பெயல் என்றதும் பெய்கிறது என்று பிடித்துவிடுகிறார்கள். ‘யாயும் ஞாயும்’ என்ற இடத்தில் வகுப்பே நின்றுவிடும். என் தாய், உன் தாய் என்று நான் சொல்ல வேண்டும்.

இரண்டாயிரம் வருஷத்துப் பாட்டு நமக்கு அப்படியே புரிகிறது என்று மேடையில் சொல்வதும் பொய், ஒன்றுமே புரியாது என்பதும் பொய். பாதி புரிகிறது. எனக்கு அந்தப் பாதியே மலைப்பாக இருக்கிறது.

சுருதி

கிரேக்கருக்கும் ஹோமர் இப்படித்தான் டீச்சர்.

கரும்பலகை

இருக்கட்டுமே. அவர்கள் வீட்டிலும் விளக்கு எரிந்தால் நமக்கென்ன எண்ணெய் குறைகிறது?

செம்பியன்

எல்லாம் சரி, செம்மொழி என்று 2004இல் முதலில் அறிவித்தது தமிழைத்தானே?

வைகைக்கரையான்

ஆமாம், அக்டோபரில். ஆயிரம் வருஷப் பழமை இருந்தால் போதும் என்று அளவுகோல் வைத்துக் கொடுத்தார்கள். மறு வருஷமே அதை 1500 முதல் 2000 வரை என்று மாற்றினார்கள். இப்போது பட்டியலில் பதினோரு மொழி. தமிழறிஞர் பரிதிமாற் கலைஞர் தமிழைச் செம்மொழி என்று ஏற்கச் சொல்லி நூறு வருஷத்துக்கு முன் கேட்டது இந்தச் சான்றிதழுக்காக மட்டும் இருக்காது.

செம்பியன்

உங்களிடம் ஒரு விஷயம் மறைக்க விரும்பவில்லை. என் வண்டி பின்னாடி ‘கல்தோன்றி’ ஸ்டிக்கர் ஒட்டி ஆறு வருஷமாகிறது. ‘மொழி’ என்றுதான் இருக்கிறது. கிழிக்கச் சொல்கிறீர்களா?

வைகைக்கரையான்

கிழிக்காதீர்கள். ‘மொழி’யை எடுத்துவிட்டு வெண்பா முழுவதையும் ஒட்டுங்கள்.

செம்பியன்

மட்கார்டில் அவ்வளவு இடம் இல்லை ஐயா.

பனங்காய்

அப்ப வாளை மட்டும் கீறி விடுங்கோ.