ராமு 60 – திருவந்திபுரம் (குடும்பக் குழு)

வெள்ளிக்கிழமை

ரேவதி: ஞாயிறு காலை 7 மணிக்கெல்லாம் எல்லோரும் திருவந்திபுரத்தில் இருக்க வேண்டும். ஹோமம் 7.30. பாண்டிக்காரர்களுக்கு வேன் 5.30க்கு லாஸ்பேட்டை, அப்புறம் முதலியார்பேட்டை.

விஜயா: திருக்கடையூர் என்று அன்றைக்கே சொன்னேன். ஊர் உலகமெல்லாம் அறுபதாம் கல்யாணத்துக்கு அங்கேதான் போகிறது.

ரேவதி: அத்தை, அது முடிந்துபோன பேச்சு

விஜயா: நான் என்ன சொல்லிவிட்டேன் இப்போது

கார்த்தி: அக்கா, நடுவில் ஒரு கேள்வி. மூர்த்தி மாமா இருக்கிறாரா? குமார் சித்தப்பா கொண்டுவந்த பக்கி நேராகவே போகவில்லை, இடது பக்கம் இழுக்கிறது, வளைவில் திராட்டில் (வேகம்) கொடுத்தால் பின்பக்கம் சுற்றிக்கொள்கிறது. ஞாயிறு சாப்பாடு முடிந்ததும் பிரவீனோடு ரேஸ்.

செல்வம்: கேட்டான் பார் ஆளை. ரேவதி, நீ வேறு குழு ஆரம்பித்துவிடு.

சரோஜா: பக்கி என்றால் என்ன

குமார்: ரிமோட் கார் அண்ணி. நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு. மண்ணில் ஓடும், தாவும்.

பிரவீன்: மச்சான், இப்பவே தோல்வியை ஒத்துக்கொள். என்னுடையது நாலு சக்கரமும் இழுக்கும்.

மூர்த்தி: கார்த்தி, முதலில் எதையும் திருகாதே. பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி அது, நாலு சக்கர வண்டி மாதிரி எடுத்தவுடன் முழு திராட்டில் கொடுத்தால் சுற்றத்தான் செய்யும். ஆனால் இடது பக்கம் இழுப்பது வேறு வியாதி. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ளாதே. சமையல் மேடை கிரானைட் போட்டதுதானே? அதன்மேல் வண்டியை வை. ரிமோட்டை ஆன் செய்து, வண்டியின் நேர்ப்போக்கைத் திருத்தும் ஸ்டியரிங் டிரிம்மைச் சுழியில் வைத்துவிட்டுப் பார். ஸ்டியரிங்கைத் திருப்பும் குட்டி மோட்டார் இருக்கிறதே, சர்வோ, அதன் கை நேராக நிற்கிறதா? நின்றால் இரண்டு பக்கத்து டர்ன்பக்கிளும், அதாவது முன்சக்கரத்தைத் திருப்பும் கம்பிகள், ஒரே நீளமா என்று ஸ்கேல் வைத்து அள. அந்தக் கம்பியில் ஒரு முனை வலப்புரி, மறுமுனை இடப்புரி. கழற்றவே வேண்டாம், நடுவில் ஸ்பேனர் போட்டுத் திருப்பினாலே நீளும், குறையும். அளந்துவிட்டுச் சொல்.

செல்வம்: மேடையில் இட்லி மாவு இருக்கிறது மாமா

விஜயா: இவர் எதைத் தொட்டாலும் நாலு ஸ்குரூ மிச்சம் வரும். எங்கள் அப்பாவின் வால்வு ரேடியோவைக் கேட்டால் சொல்லும்.

குமார்: அது இன்னும் பரணில்தானே இருக்கிறது?

மூர்த்தி: அந்த ரேடியோவில் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்திருந்தது. 35 வருடமாக இதே பேச்சு.

கார்த்தி: இரண்டும் ஒரே நீளம் மாமா. சர்வோ நேர். டிரிம் சுழி.

மூர்த்தி: நல்லது. இப்போது வண்டியைத் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு முன்சக்கரமாக விரலால் சுண்டிவிடு. எது சீக்கிரம் நிற்கிறது?

கார்த்தி: வலது சுற்றிக்கொண்டே இருக்கிறது. இடது அரைச் சுற்றில் நின்றுவிட்டது. கரகர என்று சத்தம்.

மூர்த்தி: கடற்கரையில் ஓட்டினாயா?

கார்த்தி: 🙂

செல்வம்: நேற்று சாயங்காலம் சித்தப்பனும் மகனும் சில்வர் பீச்சில்தான் இருந்தார்கள். அலை ஓரமாகவே விட்டார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

மூர்த்தி: குமார், உனக்குத் தெரியாதா? உப்புத் தண்ணீரும் மணலும் போனால் பேரிங் ஒரே ராத்திரியில் துருப்பிடிக்கும். கியர் மூடியைக் கழற்றிப் பாருங்கள், சின்னப் பல்சக்கரம் பினியனுக்கும் பெரிய பல்சக்கரம் ஸ்பர்ருக்கும் நடுவில் மணல் இருந்தால் பிளாஸ்டிக் பல்லை அரைத்துத் தின்றுவிடும். கார்த்தி, இடது சக்கரத்தைக் கழற்றி பேரிங்கை வெளியே எடு. உள்விட்டம், வெளிவிட்டம் அளந்து சொல்.

குமார்: மணல்தானே மாமா, ஊதிவிட்டோம்

விஜயா: அம்மா காரியத்துக்கு டிக்கெட் கிடைக்கவில்லை, அலையில் கார் விட மட்டும் கிடைத்தது.

(இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

ரேவதி: அத்தை, நாங்கள் பார்த்துவிட்டோம்

குமார்: பரவாயில்லை ரேவதி. அக்கா சொல்லட்டும்.

சரோஜா: மாலைக்கு யார் சொன்னீர்கள்? சம்பங்கி வேண்டாம், ரோஜா மாலைதான் என்று உங்கள் பெரியப்பா சொல்கிறார்

செல்வம்: அண்ணனுக்கு இந்த வயதில் ரோஜா கேட்கிறதா 😄

கார்த்தி: உள்ளே 5, வெளியே 10 மி.மீ. மாமா

மூர்த்தி: பிரவீன் வண்டியிலும் அதே அளவு பேரிங் இருக்கும். தருவான்.

பிரவீன்: அப்பா, நான் ஏன் தர வேண்டும்? என் வண்டியில் அதிர்வு தாங்கும் ஷாக் ஒழுகி மூன்று மாதம் ஆகிறது, ஒருநாள் எட்டிப் பார்த்தீர்களா?

மூர்த்தி: நீ கேட்டாயா?

பிரவீன்: கேட்டேன்

விஜயா: கேட்டான்

சனிக்கிழமை

கார்த்தி: பிரவீன் இரண்டு பேரிங் கொடுத்தான். பதிலுக்கு என்னவோ வேண்டுமாம், அப்புறம் சொல்கிறானாம். இப்போது நேராகப் போகிறது. ஆனால் சுற்றுவது நிற்கவில்லை.

பிரவீன்: டயரை மாற்று. முடிந்தது கதை.

மூர்த்தி: டயர் கடைசியில். வண்டியை ஒரு சாண் உயரத்திலிருந்து கீழே விடு, தானாக உட்காரட்டும். இப்போது தரைக்கும் வண்டியின் அடித்தட்டு, சேஸிஸ், அதன் அடிப்பக்கத்துக்கும் எவ்வளவு? செம்மண் தரைக்கு 20 முதல் 25 மி.மீ. வரை இருக்கலாம், பின்பக்கம் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் தரைக்கு இணையாக நின்றால் போதும். ஷாக் மேல் இருக்கிற வளையத்தைத் திருகினால் ஸ்பிரிங் ஏறும், இறங்கும். இரண்டு பக்கமும் சமமாகத் திருகு. அடுத்தது பின் ஷாக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஸ்பிரிங் இல்லாமல் தண்டை உள்ளே அழுத்து. புசுக் புசுக் என்று சத்தம் வந்தால் உள்ளே காற்று.

கார்த்தி: இடது பின் ஷாக்கில் சத்தம். எண்ணெய் பாதிதான் இருக்கிறது.

மூர்த்தி: அதுதான் பார்த்தேன். தண்டை முழுக்க வெளியே இழுத்துவிட்டு, சிலிக்கான் எண்ணெயை விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வரை ஊற்று. தண்டை மெதுவாக, மிக மெதுவாக, மேலும் கீழும் நாலைந்து முறை ஆட்டு. பிஸ்டன் ஓட்டை வழியாகக் குமிழ் குமிழாக ஏறி வரும். அப்படியே நிமிர்த்தி வைத்துவிட்டு வேறு வேலை பார். அவசரப்பட்டு மூடினால் காற்று உள்ளேயே மாட்டிக்கொள்ளும், பாதி வளைவில் ஒரு சக்கரம் மட்டும் தொபுக்கென்று அமுங்கும். எண்ணெய் தெளிந்த பிறகு மூடியைத் திருகு, வழிவது வழியட்டும். இன்னொரு பக்கத்தையும் பிரித்து அதே எண்ணெயை ஊற்று, இரண்டு பக்கமும் வேறு வேறாக இருக்கக் கூடாது. பெட்டியில் 30, 35, 40 என்று புட்டி இருந்தால் கெட்டியான 40 போடு. கடலூர் வெயிலில் எண்ணெய் இளகும்.

சரோஜா: கார்த்தி, தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி நாளைக்கு

கார்த்தி: சரி பெரியம்மா

பிரவீன்: டயர்

மூர்த்தி: டேய்

பிரவீன்: படம் பாருங்கள் அப்பா. பின் டயரில் முள்ளே இல்லை, மொழுமொழு என்றிருக்கிறது. இதை வைத்துக்கொண்டு ஸ்பிரிங், எண்ணெய் என்று எதைச் செய்தாலும் செம்மண்ணில் சறுக்கும்.

குமார்: புது டயர் ஒரு ஜோடி என் பெட்டியில் இருக்கிறதே. பிரான்சில் வண்டி கொடுத்தவர் தனியாகத் தந்தார். அத்தர் பாட்டில் தேடும்போது பார்த்தேன்.

மூர்த்தி: நேற்றே சொல்ல மாட்டாயா

குமார்: நீங்கள் பேச விட்டால்தானே மாமா

செல்வம்: 👏

மூர்த்தி: சரி. ரிம்மில் ஒட்ட வேண்டும், இல்லையென்றால் முதல் வளைவிலேயே டயர் தனியாகப் போகும். ஒட்டும் விளிம்பைத் தின்னர் தொட்டுத் துடை. உள்ளே பஞ்சு வளையம் மடங்காமல் இருக்க வேண்டும். விளிம்பை விலக்கி விலக்கி ஃபெவிக்விக் சொட்டுச் சொட்டாக விடு, ஒரு பக்கம் காய்ந்த பிறகு மறுபக்கம். இன்னொன்று: ரிமோட்டில் திராட்டில் எண்ட் பாயின்ட், அதாவது உச்ச வேக அளவு, 100ல் இருக்கும், 70க்கு இறக்கு. பேட்டரியைத் தட்டில் பின்பக்கமாகத் தள்ளி வை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யாதே. ஒன்று மாற்று, ஓட்டு, பார். அப்புறம் அடுத்தது.

கார்த்தி: தாவி இறங்கும்போது மூக்கு குத்துகிறது மாமா, அதற்கு?

பிரவீன்: தாவுகிற பலகையின் முனையில் பிரேக் பிடிக்கிறாய். காற்றில் இருக்கும்போது திராட்டில் கொடு, மூக்கு தூக்கும். பிரேக் அடித்தால் தாழும்.

மூர்த்தி: இவன் சொல்வது சரி.

விஜயா: இதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள் யாராவது

ரேவதி: ரேஸ் எங்கே என்று முடிவாகிவிட்டதா? மண்டப வாசலில் கூடவே கூடாது, போன வாரமே சொல்லிவிட்டார்கள்.

கார்த்தி: கேப்பர் மலைப் பக்கம் செம்மண் மேடு. மண்டபத்திலிருந்து பக்கம்தான்.

விஜயா: வெயிலில் குழந்தைகளை அங்கே கூட்டிக்கொண்டு போவீர்களா? கடற்கரைக்குப் போகலாம், சாயங்காலம்.

மூர்த்தி: கடற்கரையா!

செல்வம்: அங்கே சுண்டலாவது கிடைக்கும்

பிரவீன்: லாஸ்பேட்டை ஹெலிபேட் மைதானம். வேன் எப்படியும் திரும்பி வருகிறது.

குமார்: எனக்கு எங்கே என்றாலும் சரி

சரோஜா: பேட்டரி பேட்டரி என்கிறீர்களே, அது வெடிக்குமாமே? மணமகள் அறையில் வைக்க விட மாட்டேன்

குமார்: விமானத்தில் அதைக் கையில்தான் கொண்டுவந்தேன் அண்ணி, சரக்கில் போட விடமாட்டார்கள். 37 வாட் அவர், 100க்குள் என்பதால் விட்டார்கள்.

மூர்த்தி: 2 செல் லைப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரி. முழுசாக ஏறினால் 8.4 வோல்ட், அதற்குமேல் கூடாது. சார்ஜரில் இரண்டு செல்லையும் சமமாக ஏற்றும் பேலன்ஸ் மோட், 5 ஆம்பியர். பக்கத்தில் ஆள் இல்லாமல் சார்ஜ் போடக் கூடாது, மண்சட்டிக்குள் வை. ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அவ்வளவுதான். உப்பியிருந்தால் தொடவே தொடாதே. ராத்திரி முழுசாக ஏற்றிவிட்டுத் தூங்காதே, காலையில் போட்டுக்கொள்.

ரேவதி: காலையில் யார் மாமா பக்கத்தில் உட்காருவது? ஹோமத்தில் எல்லோரும் இருக்க வேண்டும்.

செல்வம்: மாமாவே உட்காரட்டும்

விஜயா: அப்பா ஸ்தானத்தில் தாலி எடுத்துக் கொடுக்க வேண்டியவர் அவர். சட்டி முன்னால் உட்காரவா?

மூர்த்தி: நான் ஒன்றும் சொல்லவில்லை.

கார்த்தி: டயர் ஒட்டியாச்சு. தெருவில் ஓட்டினேன். சுற்றவில்லை!! ஷாக்கைப் பழையபடியே மாட்டித்தான் ஓட்டினேன், எண்ணெய் நாளைக்குத்தான் ஊற்ற வேண்டும்.

பிரவீன்: டயர்

மூர்த்தி: ஷாக்கும் சேர்ந்துதான்.

பிரவீன்: ஷாக்கில் இன்னும் எண்ணெயே ஊற்றவில்லை அப்பா

ரேவதி: டிஃபனுக்கு 60 என்று சொல்லவா 65 என்று சொல்லவா? சமையல்காரர் லைனில் இருக்கிறார்.

செல்வம்: 65. மூர்த்தி மாமா விளக்கிக்கொண்டே நாலு பேர் இட்லியைச் சாப்பிடுவார்.