கொக்கு மனைவி கதைக் கில்ட்: வெண்பட்டை ஒட்டித் தைப்பதா, பருத்தியை மடித்துத் தைப்பதா?

பாவுநூல் (அம்மாபேட்டை)
ஏற்காட்டில் ஒரு விடுதியின் வரவேற்பறைச் சுவருக்குக் கதைக் கில்ட் (மேல்துணி, நடுவே பஞ்சு அடுக்கு, பின்துணி மூன்றையும் சேர்த்துத் தைத்த படத்துணி) ஒன்று தைக்கணும். உயரம் 5 அடி, அகலம் 4 அடி. கதை, ஜப்பானியர்கள் சொல்லும் கொக்கு மனைவி. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: அடிபட்ட கொக்கு ஒன்றை ஒருவன் காப்பாற்றுகிறான். பிறகு ஒரு பெண் வந்து அவனுக்கு வாழ்க்கைப்படுகிறாள். "நெய்யும்போது எட்டிப் பார்க்கக் கூடாது" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு நெய்கிறாள். துணி நல்ல விலைக்குப் போகிறது. அவனுக்குப் பொறுக்கவில்லை, பார்த்துவிடுகிறான். உள்ளே ஒரு கொக்கு தன் இறகைப் பிடுங்கித் தறிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. குட்டு வெளிப்பட்டதும் பறந்து போய்விடுகிறது.

பின்னணி கருநீலப் பருத்தி. கொக்குக்குச் சேலம் வெண்பட்டு வேட்டி கட் பீஸ். இஸ்திரிச் சூட்டில் இரண்டு பக்கமும் ஒட்டும் பசைத்தாளான ஃபியூசிங் வெப் வைத்து ஒட்டி, ஓரத்தை மெஷினில் ஓட்டி, உள்ளே 80-20 பருத்தி பாலியஸ்டர் வாடிங் (நடுவே வைக்கும் பஞ்சு அடுக்கு). கதை முழுவதும் ஒரே காட்சியில். துணியில் கத்தரி வைப்பதற்கு முன்னால் குறை இருந்தால் சொல்லுங்க.

ஊசிக்காடு (ஏற்காடு)
பின்னணி நிறம் சரி. மற்றதில் எனக்கு உடன்பாடு இல்லை. வெளிச்சம் பட்டு ஓடுவதுதான் பட்டுக்கு அழகு. அதன் முதுகில் பசையை ஏற்றினால் இறக்கை கல்யாணப் பத்திரிகை அட்டை மாதிரி விறைத்து நிற்கும். அடுத்தது ஓரம். மடிக்காத பட்டு ஓரத்துக்கு 2 மி.மீ. உள்ளே தையல் ஓடினால், வெளியே நிற்கும் அந்த 2 மி.மீ. தூசி தட்டத் தட்டப் பிசிறிப்போகும்.

பருத்தி எடுங்க. நெருக்கமாக நெய்த கேம்ப்ரிக் போதும். வடிவத்தைச் சுற்றி 5 மி.மீ. விட்டு வெட்டி, ஊசி முனையாலேயே ஓரத்தை உள்ளே தள்ளி, அங்குலத்துக்கு 10 முதல் 12 வரை மறைதையல் போடுங்க. வெளிவளைவில் வெட்டு வேண்டாம். உள்வளைவில் மட்டும், வரைந்த கோட்டுக்கு இரண்டு இழை மீதி இருக்கும்வரை வெட்டுங்க. இறக்கை நுனிக்கு வந்ததும் நுனிப்புள்ளியில் ஒரே இடத்தில் இன்னொரு தையல் போட்டு, உள்ளே புடைக்கும் துணியை வெட்டி எடுத்துவிட்டு, அப்புறம்தான் மறுபக்கத்தை மடிக்கணும். மடித்த பிறகு சரிசெய்யப் போனால் கூர்நுனி உருண்டு மொட்டையாகிவிடும்.

14ஆம் நம்பர் ஊசி (குகை)
அக்கா, விறைப்பு வருவது வெப்பை அப்படியே முழுசா ஒட்டுறவங்களுக்கு. நடுவை வெட்டி எடுத்துட்டு ஓரத்தில் 6 மி.மீ. வளையம் மட்டும் விட்டா, இறக்கைக்குள்ளே பசையே இருக்காது. துணி துணியாவே இருக்கும்.

தம்பி பாவுநூல், வெப்பின் காகிதப் பக்கத்தில் படத்தை இடவலம் மாற்றி வரையுங்க. இல்லாட்டி கொக்கு கதவைப் பார்க்காம சுவரைப் பார்க்கும். இஸ்திரி போடும்போது மேலே மெல்லிய துணி விரிச்சு, பெட்டியைத் தூக்கித் தூக்கி வச்சு அழுத்தணும், இழுத்துத் தேய்க்கக் கூடாது. சூடும் நேரமும் வெப்போட வர்ற தாளில் போட்டிருக்கும், அதுக்கு மேல போகாதீங்க. அதிகம் சுட்டா பசை இழைக்குள்ளே ஊறிப் போய் ஓரம் தூக்கிக்கும். ஒட்டலையேன்னு மறுபடி சுட்டா இன்னும் மோசம்.

ஓரத்துக்கு நேர்த்தையல் வேண்டாம், அதில் அக்கா சொல்றது நியாயம். 2 மி.மீ. அகலத்தில் நெருக்கமான ஜிக்ஜாக். ஊசி வலப்பக்கம் இறங்கும்போது பட்டைத் தாண்டிப் பின்னணியில் விழணும். அடியில் கிழித்து எடுக்கிற மாதிரி மெல்லிய காகிதம் வைங்க, இல்லாட்டி தையல் துணியைச் சுருட்டி இழுக்கும். என் பெயரைப் பார்த்து 14 நம்பர் ஊசி போட்டுடாதீங்க. அது ஜரிகை நூலுக்கு. வெண்பட்டில் துளை தெரியும், அதைவிட மெல்லிசான 70/10 அளவு கூர்முனை ஊசி போடுங்க.

அக்காவுக்கு ஒரு கேள்வி. இந்தக் கதைக்கு உயிரே பிடுங்கின இறகுதான். 6 மி.மீ. அகல இறகை மடிச்சுத் தைக்கணும்னா, இரண்டு பக்கமிருந்தும் 5 மி.மீ. உள்ளே வரும். அந்தத் துணி எங்கே போய் உட்காரும்?

ஊசிக்காடு
இறகைத் துணியில் வெட்ட வேண்டும் என்று யார் சொன்னது? உடம்பும் இறக்கையும் துணி. தனி இறகுகள் எல்லாம் நூல். எம்பிராய்டரி நூலில் இரண்டு இழை எடுத்து, வங்காளத்துக் காந்தா வேலைபோல ஓட்டுத்தையலை அடுத்தடுத்து விட்டால், இடையிலுள்ள துணி லேசாகச் சுருங்கி இறகின் வரி தானே எழும். ஜிக்ஜாக்கில் எல்லா ஓரமும் ஒரே தடிமனில் நிற்கும். அதுதான் எனக்கு ஒவ்வாதது.

கட்பீஸ் (செவ்வாய்ப்பேட்டை)
கையா மெஷினா என்பது இருக்கட்டும். கையிலிருப்பது பட்டா என்று முதலில் பாருங்கள். வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு, கடையில் குவிந்திருக்கும் துண்டு எல்லாம் அதுவாகிவிடாது. பாவில் (நீளவாட்டு நூல்) நாலு இழை, ஊடையில் (குறுக்கு நூல்) நாலு இழை உருவித் தனித்தனியே கொளுத்துங்கள். பட்டு என்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். உருகிக் கெட்டியான மணியாக நின்றால் பாலியஸ்டர். இரண்டையும் சோதிக்கச் சொல்வது, ஒன்று பட்டாகவும் மற்றது கலப்பாகவும் இருக்கலாம் என்பதால். பாலியஸ்டர் இழை சூட்டில் சுருங்கினால் ஒட்டின இறக்கை கொப்புளம் கொப்புளமாக எழும்.

மெல்லிய வெண்பட்டைக் கருநீலத்தின் மேல் வைத்தால் சாம்பல் நிறக் கொக்குதான் வரும். அடியில் வெள்ளைப் பருத்தி ஒன்று, சுற்றிலும் 3 மி.மீ. சிறியதாக வெட்டி வைக்கணும். கொக்கின் தலையில் வரும் சிவப்புத் திட்டுக்கு எடுக்கும் துணியை ஈர வெள்ளைத் துணிக்குள் மடித்து ஒரு ராத்திரி கனமான புத்தகத்தடியில் வையுங்கள். சாயம் இறங்கினால் அந்தச் சிவப்பு வேண்டாம். கருநீலத்துக்கும் இதே சோதனைதான்.

வரவேற்பறையில் ஜன்னல் எந்தப் பக்கம்? ஒளி பட்டால் பருத்தியைவிடப் பட்டு சீக்கிரம் பழுத்து நைந்துபோகும். அருங்காட்சியகங்களில் துணிக்கு 50 லக்ஸ் அளவு மங்கிய வெளிச்சம்தான் விடுகிறார்கள். விடுதியில் அதெல்லாம் நடக்காது. அதனால் என் ஓட்டு ஊசிக்காடு அம்மாவுக்கு. காரணம் மட்டும் வேறு.

மலைமுகடு (நாகலூர்)
ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் தொங்கப் போகும் கில்ட்டுக்கு ஜப்பான் கதை எதற்கு? இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் (கேரளத்தவர் அல்ல) கதை இருக்கிறதே. காஞ்சியிலிருந்து மூன்று சகோதரர்கள் வந்து, ஒரு வடிவத்தில் பெரியண்ணன் இங்கேயும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் குடியேறினார்கள். மூன்று மலை, மூன்று கட்டம். ஹாரியட் பவர்ஸ் செய்ததும் அதுதானே? ஜார்ஜியாவில் 1837இல் அடிமையாகப் பிறந்த பெண். அவருடைய இரண்டு கில்ட்களும் கட்டம் கட்டமாகக் கதை சொல்பவை. 1885-86இல் முடித்த பைபிள் கில்ட்டில் 11 கட்டம், பிறகு செய்ததில் 15. ஒரே காட்சி என்றால், கதை தெரியாதவனுக்கு அது தறிக்குள் மாட்டிக்கொண்ட பறவை, அவ்வளவுதான்.

ஊசிக்காடு
கட்டம் பிரிக்கும் யோசனைக்கு முழு ஆதரவு. மூன்று அண்ணன் தம்பி கதைக்கு இல்லை. அது அவர்களுடைய குலக்கதை. விடுதிக்காரர் விலை கொடுத்து மாட்டும் சுவருக்கு அவர்களைக் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

14ஆம் நம்பர் ஊசி
பவர்ஸ் அம்மா கில்ட்டில் மெஷின் தையலும் இருக்கு, கைத்தையலும் இருக்கு. அதையும் சேர்த்துச் சொல்லுங்க மலைமுகடு.

கட்டம் பிரிச்சா 5 அடி உயரத்தில் மூணு வரிசை, ஒவ்வொண்ணும் 18 அங்குலம் தேறும். அதுக்குள்ளே நிற்கிற கொக்குக்குக் கால் எத்தனை தடிமன்? பென்சில் அளவு. வரவேற்பறையில் ஆள் நிற்கிற தூரம் 10 அடி. அங்கிருந்து அந்தக் கால் தெரியாது. பவர்ஸ் உருவங்கள் விவரம் குறைஞ்ச நிழலுருவம், அதனால கட்டத்துக்குள்ளே நிற்குது. இங்கே தறி, கதவு, இறகு எல்லாம் வேணும்.

பாவுநூல்
ஒரே காட்சியாகவே வைக்கிறேன். தறியை மட்டும் நம்ம ஊர்க் குழித்தறியாகப் போடலாமா? கதையின் ஊர் ஜப்பானாக இருந்தாலும் பார்ப்பவர்களுக்குத் தறி என்றால் அதுதான்.

கட்பீஸ்
குழித்தறியில் நெய்பவர் காலைக் குழிக்குள் விட்டு மிதிப்பார். கொக்கை அங்கே உட்காரவைத்தால் நீளக் கால் இரண்டும் தரைக்குக் கீழே போய்விடும். காலில்லாத கொக்கு வாத்து. ஜப்பானில் பலகைமேல் உட்கார்ந்து நெய்யும் உயர்தறி உண்டு. அதில் கால் மிதிகட்டையோடு தெரியும்.

அப்படியே இதையும் சரிபாருங்கள். அந்தச் சிவந்த தலைக் கொக்குக்கு வால் வெள்ளை. நிற்கும்போது பின்னால் கறுப்பாகத் தொங்குவது மடித்த இறக்கையின் உள்ளிறகு. இறக்கையை விரித்து வரைந்துவிட்டு வாலையும் கறுப்பாக்கினால் தப்பு.

ஊசிக்காடு
மெஷின்காரர்களுக்கு ஒன்று. துணியில் கதை சொன்னவற்றில் மிகப் பழையதாக இன்று மிஞ்சியிருப்பவற்றில் ஒன்று, லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும், டிரிஸ்டன் என்ற வீரனின் கதையைச் சொல்லும் டிரிஸ்டன் கில்ட். 14ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சிசிலியில் செய்தது. வெட்டி ஒட்டின துணி ஒன்றுகூட இல்லை. இரண்டு லினன் துணிக்கு நடுவே உருவங்களைப் பின்தையலால் கோடிட்டு, உள்ளே பஞ்சு அடைத்திருக்கிறார்கள். வெள்ளையில் வெள்ளை தெரியாது என்பதால் முக்கியக் கோடுகளுக்குப் பழுப்பு நூல். எந்தக் காட்சி என்று எழுத்தையும் தைத்து வைத்திருக்கிறார்கள். பாவுநூல், பட்டுதான் வேண்டும் என்றால் இந்த வழிக்கு வாருங்கள். ஒட்டாமல், கோடிட்டு அடைத்துத் தையுங்கள்.

14ஆம் நம்பர் ஊசி
இது நல்ல யோசனை. ஆனா இப்ப பலபேர் செய்ற குறுக்கு வழியை எடுக்காதீங்க. உருவத்துக்குப் பின்னாடி கூடுதல் வாடிங் வச்சு, தண்ணியில் கரையும் நூலில் கோடிட்டு, கடைசியில் முக்கி எடுப்பாங்க. வெண்பட்டை முக்கினா தண்ணிக்கறை படியும், பின்னணிச் சாயம் வேற ஏறும். பட்டுக்கும் வெள்ளைப் பருத்திக்கும் பின்னாடி மல் துணி ஒண்ணு சேர்த்து, பறவையைக் கோடிட்டதும், மல்லில் மட்டும் ஒரு அங்குலம் கீறி, பின்னல் ஊசி முனையால பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளுங்க. இறக்கை நுனியில் ஆரம்பிச்சு உடம்புக்கு வரணும். கெட்டியா அடைச்சா சுத்தியுள்ள நீலத்தில் சுருக்கம் ஆரமாரமா ஓடும். கீறலைத் தைச்சு மூடிட்டுத்தான் வாடிங் வைக்கணும்.

பறவையைச் சுத்தி நெருக்கமா ஓட்டி, ஓரங்களை அப்படியே விட்டுட்டா, ஓரம் அலை அலையா நிற்கும். நெருக்கமா ஓட்டின இடம் சுருங்கும், விட்ட இடம் சுருங்காது, அதான் காரணம். நாலு மூலை வரைக்கும் ஒரே நெருக்கம் வேணும். பனி விழுற மாதிரி சின்னச் சுழியா ஓட்டலாம், மெஷினில் துணியை நகர்த்துற பல்லை இறக்கி, துணியை எந்தப் பக்கமும் திருப்ப விடுற டார்னிங் ஃபுட் போட்டு. மேல்துணி ஒவ்வொரு பக்கமும் 2 அங்குலம் பெரிசா இருக்கட்டும். வாடிங்கும் பின்துணியும் அதுக்கு மேல 3 அங்குலம். பின்துணி 58 அங்குலம் ஆகுது, 44 அங்குலப் பன்னா (அகலம்) துணியில் ஒரு ஒட்டு வரும்.

மலைமுகடு
தொங்கவிடுவதைப் பற்றி யாரும் பேசவில்லை. இங்கே மழைக்காலத்தில் வெளிச்சுவர் உள்பக்கம்கூட வியர்க்கும். பின்னால் மேல் ஓரத்தில் 4 அங்குல உறை தைத்து, மரக்கட்டைக்குப் பதில் தட்டை அலுமினியப் பட்டை விடுங்கள். சுவருக்கும் துணிக்கும் இடையே ஒரு அங்குலம் காற்றுப் போகணும். துணிக்குக் கஞ்சி வேண்டாம். பூஞ்சைக்கும் பூச்சிக்கும் அது விருந்து. குண்டூசி எல்லாம் எவர்சில்வராக இருக்கட்டும், ஒன்று மறந்து உள்ளே கிடந்தால் துருக்கறை வெண்பட்டில்தான் வரும்.

ஊசிக்காடு
ஒட்டுவதில் எனக்கு இன்னும் சம்மதமில்லை. பாவுநூல், ஒரே இறக்கையை 12 அங்குல நீளத்தில் இரண்டு விதமாகவும் தைத்து, 10 அடி தள்ளி மாட்டிப் பாருங்கள்.

14ஆம் நம்பர் ஊசி
சாம்பிளையும் வாடிங், பின்துணியோட சேர்த்துத் தையுங்க. வெறும் துணியில் தைச்சா அக்கா வேலைதான் ஜெயிக்கும். வாடிங் ஏறினா நிலவரம் வேற.