நேட்டாலுக்குக் கப்பலேறிய பூட்டனாரின் அண்ணன்: யாராவது வழி சொல்லுங்களேன்

வணக்கம். என் பூட்டனாரின் அண்ணன் 1880-களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலியாகப் போனவர். வீட்டில் இருக்கும் ஆதாரம் ஒன்றே ஒன்று: செல்லரித்த பாகப் பத்திரத்தில் ‘தமையனார் நெட்டாலுக்குப் போய்த் திரும்பாதபடியால்’ என்று ஒரு வரி. அடுத்த சொல்லைப் பூச்சி தின்றுவிட்டது!

1860-இல் சென்னையிலிருந்து போன ‘ட்ரூரோ’ தொடங்கி, கப்பல் பட்டியல்களில் ஆளுக்கொரு எண், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம் என்று இருக்கிறது. தேடினேன். ஆங்கில எழுத்தில் நம் பெயர்களைக் குமாஸ்தாக்கள் படுத்திய பாடு இருக்கிறதே... ஒரே பெயர் மூன்று விதம். வயதும் ஊரும் பொருந்துகிற இருவர் கிடைத்தார்கள். இருவருக்குமே தகப்பன் பெயர் இடிக்கிறது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் அந்த எண்ணை வைத்துத் திருமண, இறப்புப் பதிவு எடுத்தவர்கள் யாராவது உண்டா? டர்பன் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். பெயர் விவரம் இன்பாக்ஸில் தருகிறேன்.