சித்தூர் தாலுகாவில் வீடு, பொள்ளாச்சியில் குடியிருப்பு: நகராட்சி வரி நோட்டீஸை எப்படிச் சரிபார்ப்பது?

எல்லைக்கல்:

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், நகராட்சி எல்லைக்குள் அப்பா பேரில் ஒரு வீடு இருக்கிறது. கீழ்த்தளம் 900 சதுர அடி. மேலே 500 சதுர அடி பிற்பாடு எடுத்தது. வாசலை ஒட்டிய அறை, சுமார் 120 சதுர அடி, தையல் கடைக்கு வாடகைக்குப் போயிருக்கிறது. அப்பா காலமாகிவிட்டார். வாரிசுகள் அம்மா, நான், தங்கை.

நகராட்சியிலிருந்து மலையாளத்தில் டிமாண்ட் நோட்டீஸ் வந்திருக்கிறது. பாக்கி, பிழப்பலிசை (தாமதத்துக்கான அபராத வட்டி), நடப்பு வரி எல்லாம் ஒரே தொகையாகப் போட்டிருக்கிறார்கள். வில்லேஜ் ஆபீஸில் கரம் வருஷா வருஷம் தவறாமல் கட்டியாகிறது. அப்படியிருக்க இது என்ன வரி? போட்ட தொகை சரியா என்று எப்படிப் பார்ப்பது? பேரை மாற்றிவிட்டுக் கட்டுவதா, கட்டிவிட்டு மாற்றுவதா? பொள்ளாச்சி வீட்டுக்கு நகராட்சியில் கட்டும் முறைதான் இங்கேயுமா?

தண்டப்பேர்:

முதல் குழப்பம் பேரில்தான் இருக்கிறது. நம் பக்கத்தில் எல்லாவற்றையும் "கரம்" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கேரளத்தில் ஒரு வீட்டுக்கு நாலு வரி வரலாம், நாலும் வேறு வேறு.

வில்லேஜ் ஆபீஸில் கட்டுவது பூநிகுதி, அதாவது நிலவரி. அது தண்டப்பேர் நம்பரை, அதாவது வில்லேஜ் பதிவேட்டில் நில உடமஸ்தரின் கணக்கு நம்பரை, வைத்து மண்ணுக்குப் போடுவது. மேலே கட்டடம் இருக்கிறதா இல்லையா என்று அது பார்க்காது. நகராட்சி போடுவது வஸ்து நிகுதி, அதாவது சொத்து வரி. 1994ஆம் வருஷத்து கேரள முனிசிபாலிட்டி சட்டத்தின்படி கட்டடத்துக்கு. வார்டு நம்பர், கதவு நம்பர் இரண்டும்தான் அதன் அடையாளம். உங்களுக்கு வந்திருப்பது இதுதான். பூநிகுதி ரசீதை எத்தனை வருஷத்துக்குக் காட்டினாலும் இது கழியாது.

மூன்றாவது, ஒருமுறை மட்டும் கட்டும் கட்டட வரி. 1975ஆம் வருஷத்துச் சட்டம், தாசில்தார் விதிப்பது. குடியிருப்பு 100 சதுர மீட்டர் வரை இதில் விலக்கு. உங்கள் கீழ்த்தளம் மட்டும் என்றால் சுமார் 84 சதுர மீட்டர், விலக்குக்குள் அடங்கும். மாடி எடுத்ததும் மொத்தம் 130 ஆகிவிட்டது. பின்னால் சேர்த்த பகுதியையும் கூட்டி மொத்தப் பரப்புக்குத்தான் இந்த வரி கணக்காகும், முன்பு ஏதாவது கட்டியிருந்தால் அதைக் கழித்துக்கொள்வார்கள். மாடிக்காகத் தாலுகா ஆபீஸில் இது கட்டியிருக்கிறதா என்று அப்பாவின் பழைய காகிதங்களில் தேடிப் பாருங்கள். நகராட்சி நோட்டீஸில் இது வராது. வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ போகும்போதுதான் தலைகாட்டும், அப்போது அவசரத்தில் அலைய நேரும்.

நாலாவது ஆடம்பர வரி. 278.7 சதுர மீட்டருக்கு, அதாவது 3,000 சதுர அடிக்கு, மேற்பட்ட வீடுகளுக்கு வருஷா வருஷம் வருவாய்த் துறை வாங்குவது. உங்களுக்குப் பொருந்தாது.

கணக்குப்புத்தகம்:

தொகையைச் சரிபார்க்க மூன்று விஷயம் கையில் வேண்டும்: பரப்பு, உபயோகம், உங்கள் நகராட்சி கவுன்சில் தீர்மானித்த சதுர மீட்டர் விகிதம்.

பரப்பு என்றால் உள்ளறை அளவு அல்ல. வெளிச்சுவர் கனத்தையும் சேர்த்த தரைப்பரப்பு, ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாக எடுத்துக் கூட்டியது. 10.764 சதுர அடி ஒரு சதுர மீட்டர். நாடாவை உள்ளே பிடித்து அளந்துவிட்டு "நகராட்சி கூட்டிப் போட்டிருக்கிறது" என்று சண்டைக்குப் போகிறவர்கள் அதிகம். சுவர் கனம் மட்டுமே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் காட்டிவிடும்.

விகிதம் வருஷத்துக்கு. தமிழ்நாட்டு ரசீதில் பார்க்கும் தொகை அரையாண்டுக்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தப்புக் கணக்குதான் வரும்.

கணக்கு எப்படி ஓடுகிறது என்று காட்ட ஒரு மாதிரி போடுகிறேன், விகிதங்கள் என் அனுமானம். மொத்தம் 130 சதுர மீட்டர், அதில் கடை 11, குடியிருப்பு 119. குடியிருப்புக்கு 11 ரூபாய், கடைக்கு 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 119 × 11 = 1,309. 11 × 50 = 550. ஆக 1,859. இதற்கு மேல் நூலக செஸ் (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) 5 சதவீதம், 92.95. சர்வீஸ் செஸ் 10 சதவீதம் என்று கவுன்சில் வைத்திருந்தால் 185.90. மொத்தம் 2,137.85, அரையாண்டுக்கு சுமார் 1,069 ரூபாய்.

பரப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத அந்த அறை, செஸ் சேர்ப்பதற்கு முந்தைய வரியில் கிட்டத்தட்ட முப்பது சதவீதத்தை எடுத்துக்கொள்வதைக் கவனியுங்கள். நோட்டீஸில் வீடு முழுவதையும் கடை என்று போட்டிருந்தால் வரி மூன்று மடங்குக்கும் மேலே போயிருக்கும். இப்படிப்பட்ட தவறு நடக்கக்கூடியதுதான், ஒரு கதவு நம்பருக்கு ஒரு உபயோகம் என்று பதிவேட்டில் ஏறிவிடுவதால். கடைக்குத் தனி உபநம்பர் வாங்கிவிட்டால் இரண்டும் பிரிந்துவிடும்.

இது தவிர மண்டலம், ரோட்டின் அகலம், கட்டடத்தின் வயது, கூரை, தளம் போட்ட விதம் இவற்றுக்கெல்லாம் கூட்டலும் கழிவும் உண்டு. வயதுக்கான கழிவு கீழ்த்தளத்துக்கும் மாடிக்கும் வேறுபடும். மாடி எப்போது கட்டியது என்று காட்டும் பெர்மிட்டோ கம்ப்ளீஷன் சர்டிபிகேட்டோ இருந்தால் எடுத்து வையுங்கள். அப்புறம், 2023 ஏப்ரல் முதல் வரி வருஷத்துக்கு 5 சதவீதம் ஏறுகிறது. பழைய ரசீதைவிட இவ்வளவு கூடியிருப்பது மட்டும் தவறாகாது.

60 சதுர மீட்டருக்கு உட்பட்ட சொந்தக் குடியிருப்புக்கு வரி விலக்கு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது உண்மைதான், 2023 ஏப்ரல் முதல். ஆனால் ஒருவருக்கு ஒரு வீடு, உடமஸ்தர் தானே குடியிருக்க வேண்டும். உங்கள் வீடு இரண்டு வகையிலும் வெளியே நிற்கிறது.

எல்லைக்கல்:

மிக்க நன்றி. நோட்டீஸை மறுபடி பார்த்தேன். கதவு நம்பருக்குப் பக்கத்தில் மாடிக்கு மட்டும் "யுஏ" என்று இருக்கிறது. அதன் வரியும் கீழ்த்தளத்தைவிட அதிகம். இது என்ன?

தண்டப்பேர்:

அங்கேதான் விஷயம் இருக்கிறது. அனுமதி இல்லாமல், அல்லது அனுமதித்த பிளானை மீறிக் கட்டிய பகுதிக்குக் கொடுக்கும் நம்பர் யுஏ. அதற்குச் சாதாரண வரியோடு கூடுதலாக அதன் இரண்டு மடங்கு வரை விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. குறைந்த பரப்புக்கு அதிகத் தொகை வந்ததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: யுஏ நம்பருக்கு வருஷக்கணக்கில் வரி கட்டினாலும் கட்டடம் முறைப்படி ஆகிவிடாது. வரி ரசீது வேறு, அனுமதி வேறு. முறைப்படுத்துவதற்கு, லைசென்ஸ் உள்ள இஞ்சினியரை வைத்து இருக்கிறபடி பிளான் வரைந்து, இஞ்சினியரிங் பிரிவில் தனி விண்ணப்பம் கொடுக்க வேண்டும். எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளி இருந்தால் சுலபம். இல்லையென்றால் அப்போது எந்தச் சலுகைத் திட்டம் நடப்பில் இருக்கிறதோ அதைப் பொறுத்தது.

ஆனால் ஒருவேளை பெர்மிட் இருந்து, முடித்ததைத் தெரிவிக்காமல் விட்டதால் யுஏ ஆகியிருக்கலாம். ஆகவே முதலில் பெர்மிட்டைத் தேடுங்கள். நம்பர் கிடைத்தால் ரெவின்யூ பிரிவிலும் இஞ்சினியரிங் பிரிவிலும் இரண்டு இடத்திலும் காட்டுங்கள். ஒரு பிரிவில் திருத்தினால் இன்னொன்றில் தானாக மாறும் என்று இருந்துவிடாதீர்கள்.

பேர் மாற்றம்: பாக்கி தீராமல் மாற்றித் தரமாட்டார்கள். ஆகவே வரிசை இது. முதலில் வில்லேஜ் ஆபீஸில் வாரிசுகள் பேருக்குப் போக்குவரவு, அதாவது நிலப் பதிவேட்டில் பேர் மாற்றம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆதாரப் பத்திரம் (மூலப் பத்திரம்) வேண்டும். அது முடிந்து புதிய பேரில் பூநிகுதி ரசீது வந்தபின் நகராட்சியில் உடமஸ்தாவகாச (கட்டட உரிமை) மாற்றத்துக்கு விண்ணப்பம். மூன்று பேர் பேரிலும் சேர்த்தே மாற்றலாம். உங்கள் ஒருவர் பேருக்கு என்றால் அம்மாவும் தங்கையும் கையெழுத்திட்ட சாதாரணக் காகிதம் போதாது, பாகப்பிரிவினையோ விடுதலைப் பத்திரமோ பதிவாகியிருக்க வேண்டும். இதற்காக வரி கட்டுவதைத் தள்ளிப்போட வேண்டாம். அப்பா பேரில் யார் கட்டினாலும் வாங்கிக்கொள்வார்கள். பிழப்பலிசை மாதக் கணக்கில் ஏறுகிறது.

சோகநாசினிக்கரை:

ஆன்லைனில் கட்டுவது பற்றி. நகராட்சிகள் 2024 ஜனவரி முதல் கே-ஸ்மார்ட் என்ற ஆன்லைன் சேவைத் தளத்துக்கு மாறிவிட்டன, பஞ்சாயத்துகள் 2025 ஏப்ரலில். அதற்கு முந்தைய வரித் தளமான சஞ்சயாவின் ரசீதில் உள்ள நம்பரைப் போட்டால் "கட்டடம் இல்லை" என்று வந்தால் பயப்பட வேண்டாம். வார்டு எல்லை மாறும்போது வார்டு நம்பர், கதவு நம்பர் இரண்டும் மாறும். நோட்டீஸில் இருக்கும் நம்பரைப் போட்டு, வரும் பேரும் பரப்பும் உங்களுடையதுதானா என்று பார்த்தபின் கட்டுங்கள். அடுத்த வீட்டு வரியைக் கட்டிவிட்டால் திரும்ப வாங்குவது பெரும்பாடு. கணக்கில் பணம் போய் ரசீது வராவிட்டால் உடனே இரண்டாம் தடவை கட்டாமல், பரிவர்த்தனை நம்பரை வைத்து நிலவரம் பாருங்கள். கைப்பழக்கம் இல்லையென்றால் அக்ஷயா சென்டரில் (அரசின் பொதுச் சேவை மையம்) செய்து தருவார்கள்.

முழு வருஷத் தொகையையும் ஏப்ரல் 30க்குள் கட்டினால் 5 சதவீதம் கழிவு. பாக்கிக்கு அது இல்லை. பாக்கியை மொத்தமாகக் கட்டினால் பிழப்பலிசை தள்ளுபடி என்று சில வருஷம் மார்ச் முடிவில் அரசு அறிவிக்கும். அறிவிப்பு வந்தால் உபயோகப்படுத்துங்கள், வரும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

வாளையாறு:

பொள்ளாச்சி வீட்டைக் கேட்டிருந்தீர்கள். தமிழ்நாட்டிலும் அரையாண்டு ஏப்ரல் 1, அக்டோபர் 1 தேதிகளில்தான் தொடங்குகிறது. ஆனால் ஊக்கத்தொகை ஒவ்வொரு அரையாண்டுக்கும் தனி: ஏப்ரல் 30க்குள், அக்டோபர் 31க்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதத்துக்கு மாதம் 1 சதவீதத் தனிவட்டி. நூலக வரி அங்கே 10 சதவீதம். 2022இல் சொத்து வரியை உயர்த்தியபோது நகராட்சிகளில் குடியிருப்புக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று பரப்பு வாரியாக ஏற்றினார்கள். கேரளத்தின் 60 சதுர மீட்டர் விலக்கை அங்கே போய்க் கேட்காதீர்கள், அது இந்தப் பக்கத்துச் சட்டம்.

கணக்குப்புத்தகம்:

ஆட்சேபணை பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. பரப்போ உபயோகமோ தவறென்றால், நோட்டீஸ் கையில் கிடைத்த தேதியைக் கவரின் மேல் எழுதி வைத்துக்கொண்டு, அதிலிருந்து 30 நாளுக்குள் செக்ரட்டரிக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அதற்கு மேல் திருவனந்தபுரத்தில் உள்ளாட்சித் தீர்ப்பாயம் இருக்கிறது. வரியைக் கட்டாமல் அப்பீல் கேட்கமாட்டார்கள் என்பதால் "ஆட்சேபணையோடு கட்டுகிறேன்" என்று மனுவில் எழுதிவிட்டுக் கட்டுவதே நல்லது. பாக்கி மூன்று வருஷத்துக்கு முந்தியதா என்றும் பாருங்கள். முனிசிபாலிட்டி சட்டம் 539ஆம் பிரிவு அதற்கு மேற்பட்ட பாக்கிக்கு ஜப்தி, வழக்குப் போடுவதற்குக் கெடு வைத்திருக்கிறது. வருஷவாரியாகப் பிரித்த பட்டியல் கேளுங்கள், ஒரே தொகையில் இது தெரியாது.

மனுவைத் தமிழிலேயே எழுதலாம். 1969ஆம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டம் கேரளத்துத் தமிழ்ச் சிறுபான்மையினருக்கு அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது, பதிலும் தமிழில் கேட்கலாம். வார்டு, கதவு நம்பர், நோட்டீஸ் நம்பர், தேதி இந்த நாலையும் முதல் வரியிலேயே போடுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.